ஒரே நீலம்... ஒன்று சில ஆயிரம், இன்னொன்று சில லட்சம்! நீலக்கல் விலையை முடிவு செய்வது எது?

தங்கம் இன்னைக்கு கிராம் என்ன விலை என்று காலையிலேயே போனில் பார்த்துவிடலாம். நீலக்கல்லுக்கு அப்படி ஒரு ரேட் போர்டு எங்கேயும் கிடையாது. ஒரே சைஸ், ஒரே நிறம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும் இரண்டு கற்கள். ஒன்று சில ஆயிரம் ரூபாய், இன்னொன்று சில லட்சம். இரண்டுமே நியாயமான விலையாக இருக்கலாம். ஆயிரத்துக்கு உரிய கல்லை லட்சம் கொடுத்து வாங்கிவிட்டால்தான் சிக்கல்.

மோதிரமோ, நெக்லஸோ, ஜோசியர் சொன்னார் என்று வாங்கும் ராசிக்கல்லோ, எதுவாக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

நீலக்கல் என்றால் என்ன?

நீலக்கல், மாணிக்கம் இரண்டுமே குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். ஆங்கிலத்தில் இதற்குள்ள ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழ்ச் சொல்லில் இருந்து போனது என்றே அகராதிகள் சொல்கின்றன. அடிப்படையில் இது அலுமினியம் ஆக்சைடு. அதில் இரும்பும் டைட்டானியமும் துளியளவு கலந்திருந்தால் நீலம். சிவப்பாக இருந்தால் மாணிக்கம். மஞ்சளாக இருந்தால் நம்ம ஊர்க் கடைகளில் கனக புஷ்பராகம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் இருப்பதால் தினமும் போடும் மோதிரத்துக்கும் தாங்கும்.

முதல் விஷயம் நிறம்

கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் விலையை அதிகம் ஏற்றுவதும் இறக்குவதும் நிறம்தான். ‘நல்ல டார்க்கா இருந்தா நல்ல கல்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மை போல இருண்டு கறுப்படித்த கல்லுக்கும், தண்ணீர் போல வெளுத்த கல்லுக்கும் விலை குறைவு. நடுத்தர அடர்த்தியில், சாம்பல் கலக்காமல், பளிச்சென்று இருக்கும் நீலத்துக்குத்தான் மதிப்பு.

கடையின் ஸ்பாட் லைட்டில் எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும். அதனால் வாசல் பக்கம் எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு சாதாரண மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் பாருங்கள். இரண்டிலும் நீலம் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. பின்பக்கம் முழுவதும் மூடிப் பதித்த கல்லில் அடியில் வண்ணத் தகடு வைத்து நிறத்தை ஏற்ற முடியும். எனவே விலை உயர்ந்த கல்லைப் பதிப்பதற்கு முன்பே தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

எடை கூடினால் விலை எப்படி ஏறும்?

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது 5 கேரட் சேர்ந்தால் ஒரு கிராம். 3 கேரட் கல்லின் விலை, 1 கேரட் கல்லைப் போல மூன்று மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள். பெரிய கல் கிடைப்பது அரிது என்பதால், எடை கூடும்போது ஒரு கேரட்டுக்கான ரேட்டும் சேர்ந்தே ஏறும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: 1 கேரட் கல் 20 ஆயிரம் ரூபாய் என்றால், அதே தரத்தில் 3 கேரட் கல் கேரட்டுக்கு 40 ஆயிரம் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகலாம்.

சில இடங்களில் ‘ரத்தி’ கணக்கில் விலை சொல்வார்கள். ரத்தியின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பில்லில் கேரட் கணக்கில், இரண்டு தசம எண்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெளிவும் பட்டையும்

இயற்கைக் கல்லுக்குள் கோடு, புள்ளி, பட்டு நூல் போன்ற இழைகள் இருப்பது சகஜம். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நல்ல தரம். பெரிய கல், குறையே இல்லை, விலையும் குறைவு என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பட்டை தீட்டியதையும் கவனியுங்கள். கல்லை நேர் மேலிருந்து பார்க்கும்போது நடுவில் கண்ணாடி ஜன்னல் மாதிரி அடியில் இருக்கும் விரல் தெரிந்தால், வெளிச்சம் திரும்பாமல் கீழே ஒழுகுகிறது என்று அர்த்தம். எடையைக் காப்பாற்ற அடிப்பாகத்தைத் தொப்பை போல விட்டிருப்பதும் உண்டு. போட்டுக்கொண்டால் வெளியே தெரியாத அந்தத் தொப்பைக்கும் கேரட் கணக்கில் காசு கொடுப்பது நீங்கள்தான்.

கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள்

ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

1. மண்ணில் கிடைத்ததா, மெஷினில் வளர்த்ததா? செயற்கை நீலக்கல் புதுசு இல்லை, நூறு வருஷத்துக்கு மேலாகத் தயாராகிறது. வேதியியல்படி அதுவும் குருந்தம்தான். கடினமும் அதே. அதனால் கீறிப் பார்ப்பது, பாலில் போட்டுப் பார்ப்பது போன்ற வீட்டு டெஸ்ட் எதிலும் பிடிபடாது. விலையோ இயற்கைக் கல்லின் பக்கத்திலேயே வராது.

2. கல்லை என்ன செய்திருக்கிறார்கள்? சந்தைக்கு வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை அதிக வெப்பத்தில் சூடு செய்யப்பட்டவை. சூட்டில் உள்ளே இருக்கும் இழைகள் கரைந்து, நிறம் கூடும். இலங்கையில் ‘கெவுட’ எனப்படும் பால் போல மங்கிய கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் 1970-களில் மலிவாக வாங்கிச் சூடு செய்து, அருமையான நீலமாக்கி விற்ற கதை இந்தத் தொழிலில் பிரபலம். சூடு செய்வது மோசடி ஆகாது, ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். சூடு செய்யாமலேயே நல்ல நிறத்தோடு இருக்கும் கல் அரிது என்பதால் அதன் விலை பல மடங்கு.

வெளியிலிருந்து டைட்டானியம், பெரிலியம் போன்றவற்றைச் சேர்த்து நிறம் ஏற்றிய கற்கள் இதைவிட மலிவு. விரிசல்களில் கண்ணாடி நிரப்பிய கற்கள் இன்னும் மலிவு. நகையை ரிப்பேர் செய்ய ஆசாரி நெருப்புக் காட்டினாலோ, அமிலம் பட்டாலோ அந்தக் கண்ணாடி பாழாகிவிடும்.

3. எந்த ஊர்க் கல்? காஷ்மீர், பர்மா, இலங்கை என்ற பெயர்களுக்குத் தனி மவுசு உண்டு. காஷ்மீரின் பாடர் பகுதியில் 1880-களின் தொடக்கத்தில் கிடைத்த கற்கள் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் அந்த விலை.

2014-ல் ஜெனிவா ஏலத்தில் ‘ப்ளூ பெல் ஆஃப் ஏஷியா’ என்ற 392.52 கேரட் இலங்கை நீலக்கல் சுமார் 1.73 கோடி டாலருக்குப் போனது. கேரட்டுக்கு ஏறத்தாழ 44 ஆயிரம் டாலர். அடுத்த வருஷம் ஹாங்காங்கில் வெறும் 27.68 கேரட் காஷ்மீர் கல், கேரட்டுக்குச் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம் டாலருக்குப் போனது. கல் சின்னது, கேரட் ரேட் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் ‘இது ஒரிஜினல் சிலோன் கல்லுங்க’ என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். மடகாஸ்கர் கற்கள் பல, பார்வைக்கு இலங்கைக் கல் போலவே இருக்கும். தவிர, இலங்கையில் கிடைத்த எல்லாக் கல்லும் உயர்ந்த தரமும் கிடையாது.

ஹால்மார்க் இருக்கே, போதாதா?

போதாது. பிஐஎஸ் ஹால்மார்க்கும், 6 இலக்க எச்யுஐடி எண்ணும் தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்கின்றன. அதில் பதித்திருக்கும் கல்லைப் பற்றி அவை எதுவுமே சொல்லாது. இன்னொரு விஷயம், கல்லின் எடை தங்கத்தின் எடையில் சேர்ந்துவிடக் கூடாது. 5 கேரட் கல் உள்ள மோதிரத்தில் ஒரு கிராம் கல்தான். அதைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

‘நேச்சுரல்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். சூடு செய்த கல்லுக்கும் அதே வார்த்தைதான் போடுவார்கள். அதற்குக் கீழே ‘ட்ரீட்மென்ட்’ அல்லது ‘கமென்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். சூடு செய்ததற்கான அடையாளம் உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கும். விலையை மாற்றும் வரி அதுதான்.

கடைக்காரரிடம் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

• கல் இயற்கையா, செயற்கையா? பில்லில் எழுதித் தருவீர்களா?

• சூடு செய்ததா? வேறு ஏதாவது சேர்த்திருக்கிறதா?

• ரிப்போர்ட் கொடுத்தது எந்த லேப்? கடைக்குச் சம்பந்தம் இல்லாத லேப்தானா? ரிப்போர்ட் எண்ணை அந்த லேபின் இணையதளத்தில் சரிபார்க்க முடியுமா?

• ரிப்போர்ட்டில் உள்ள எடையும் மில்லிமீட்டர் அளவும் இந்தக் கல்லோடு பொருந்துகிறதா?

• நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு என்ன தருவீர்கள்? (பல கடைகளில் கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள்.)

ராசிக்காக வாங்கினாலும் ஆசைக்காக வாங்கினாலும் இந்தக் கேள்விகள் ஒன்றுதான். பதில் வாயில் வந்தால் போதாது, பில்லில் வர வேண்டும். எழுதித் தரத் தயங்குகிற கடையில், எவ்வளவு அழகான நீலமாக இருந்தாலும் பர்ஸைத் திறக்காதீர்கள்.