மாட்டுப் பல்லில் ஒரு மேய்ச்சல் வரலாறு

தமிழக வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிற்கிறது. தானம் கொடுத்தவன், வாங்கியவன் - இவங்க கதை அதில் இருக்கு. செங்கம் நடுகற்கள் ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனைச் சொல்கின்றன. அந்த நிரையை மேய்ச்சவன் யார், எந்தப் புல்லில் மேய்ச்சான்? அவன் பிரதிக்கு வெளியே தள்ளப்பட்டவன். அவனுக்கு வரலாறு கிடையாதா என்ற கேள்வியோடுதான் ஐசோடோப்பு ஆய்வுகளை நான் வாசிக்கிறேன்.

எலும்பு மாதிரி பல்லின் எனாமல் மாறிக்கொண்டே இருப்பதில்லை. மாட்டின் கடைவாய்ப்பல் பல மாதங்களில் உருவாவது. நுனியிலிருந்து வேர்வரை வரிசையாகச் சுரண்டி எடுத்தால், பருவம் பருவமாகத் தின்னதும் குடித்ததும் தெரியவரும். நெல், கோதுமை, மரத்தழை சி3 வகை. கம்பு, சோளம், வெப்பநிலப் புற்கள் பலவும் சி4. கார்பன்-13 அளவு இரண்டிலும் வேறு. ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம் பாறையைப் பொறுத்தது. மண், புல் வழியாகப் பல்லுக்கு வரும். ஒரே பல்லில் அது மாறினால், மாடு இடம் மாறியிருக்கலாம்.

குஜராத்தின் பகஸ்ரா என்ற சிந்துவெளிக் கால ஊரின் விலங்குப் பற்களை பிராட் சேஸ் குழுவினர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். மாடு, எருமைப் பற்களில் சி4 தூக்கல். ஆடுகளின் தீனியில் கலப்பு அதிகம். இதை வயல் விளைச்சலோடு சேர்த்து வாசிக்கிறார்கள். ஆனால் கம்பந்தட்டையையும் காட்டுப்புல்லையும் கார்பன் எண் மட்டும் பிரித்துக் காட்டிவிடாது. எண்ணும் ஒரு பிரதிதான், வாசிப்பு தேவைப்படுகிறது.

எங்க பக்கம் வருவோம். ஆவடிக்கு வடமேற்கே அத்திரம்பாக்கம். 1863இல் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கல்லாயுதம் கண்ட இடம். 1999இல் சாந்தி பப்பு தொடங்கிய அகழாய்வில் ஆயுதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, விலங்குப் பற்களோ சிலவே. அங்கே மனிதர் இருந்த காலம் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். இவ்வளவு பழைய பல்லில் மண்ணின் ரசாயனமும் ஏறியிருக்கலாம். அதைச் சோதிக்காமல் தீனி பற்றிப் பேச முடியாது.

இப்போ அம்பத்தூர்த் தெருவில் நிற்கிற கறவை மாட்டைப் பாருங்கள். மேய்ச்சல் நிலம் மனையாகவும் ஃபேக்டரியாகவும் ஆயிடுச்சு. வைக்கோல் லாரியில் வருது. நாளை ஒருவர் அந்தப் பல்லைச் சுரண்டினால், இங்கே நெல் விளைந்தது என்பார். வெளியூர் ஸ்ட்ரான்சியத்தைக் கண்டு மாடு ஊர் ஊராக நடந்தது என்றும் எழுதுவார். நடந்தது மாடல்ல, வைக்கோல். மாட்டைக் கட்டிப் போட்டது நிலத்தின் விலை. இது எந்த எனாமலிலும் பதியாது. மாடு வைத்திருக்கிறவங்களைக் கேட்டால் சொல்லுவாங்க. பல்லை வாசிக்கிறவர்கள் அவங்களையும் கேட்கணும்.