சேர்ந்தவர், விலகியவர்: ரோட்டரி, அரிமா சங்கங்களின் உறுப்பினர் கணக்கு, 1905 முதல் இன்றுவரை

ரோட்டரி இயக்கத்தின் உலக உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 12 லட்சம். 1990களின் பிற்பகுதியிலும் அதே 12 லட்சம்தான். கால் நூற்றாண்டாக அசையாத இந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இயக்கம் நிலைபெற்றுவிட்டது என்றே தோன்றும். ஆனால் இதே காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் சங்கங்கள் மெலிந்தன. இந்தியாவிலும் தைவானிலும் பெருகின. ஓரிடத்தின் இழப்பை இன்னோரிடத்தின் வரவு ஈடுகட்டியதை மொத்த எண் காட்டுவதில்லை. ஒரே ஊரில் உள்ள ஒரு சங்கத்துக்கும் இது பொருந்தும். ஆகவே ஒரு சேவைச் சங்கத்தின் ஏற்றத்தாழ்வை அறிய இரண்டைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்: ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர் யார், விலகியவர் யார் என்ற பதிவு, அந்த ஆண்டில் யாரை உறுப்பினர் என்று எண்ணினார்கள் என்ற விதி.

தொழிலுக்கு ஒருவர்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையற்காரர் ஹைரம் ஷோரி ஆகிய நால்வரும் கூடினார்கள். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, அடுத்தவர் அலுவலகத்தில் மறுமுறை என்று சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவரை மட்டுமே சேர்ப்பது என்பது தொடக்கக்கால விதி. ஊரில் பத்து வழக்கறிஞர்கள் இருந்தாலும் சங்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். இந்த விதியின் விளைவு ஆழமானது. ஓர் ஊரின் சங்கம் எவ்வளவு பெருகலாம் என்பதை அவ்வூரின் தொழில் வகைகளே தீர்மானித்தன. சிறு நகரத்தின் சங்கம் ஓர் அளவோடு நின்றுவிட்டால் அதை ஆர்வக்குறைவு என்று கொள்ள முடியாது. நிரப்ப வேண்டிய இடங்கள் நிரம்பிவிட்டன என்பதும் காரணமாக இருக்கலாம். அக்காலப் பட்டியலைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் பெயரைவிடப் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் தொழிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் 1917இல் அரிமா இயக்கத்துக்கு வித்திட்டார். கிவானிஸ் என்னும் சேவைச் சங்கம் 1915இல் டெட்ராய்டில் பிறந்தது. ரோட்டரியில் இடம் கிடைக்காத வணிகர்களுக்கும் தொழிலர்களுக்கும் இவை வேறு வாசல்களைத் திறந்தன. 1925இல் ரோட்டரியின் சங்கங்கள் 2,000ஐயும் உறுப்பினர்கள் ஒரு லட்சத்தையும் கடந்துவிட்டன.

ஆய்வாளர்கள் ஜெரால்டு கேம், ராபர்ட் புட்னம் ஆகியோர் 1840 முதல் 1940 வரையிலான அமெரிக்க நகரங்களின் விலாசப் புத்தகங்களில் பதிவாகியிருந்த சங்கங்களை எண்ணி, மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சங்கங்களின் அடர்த்தி 1910ஐ ஒட்டி உச்சம் தொட்டதாக அந்த ஆய்வு காட்டியது. சிறப்பான முயற்சிதான். ஆனால் விலாசப் புத்தகம் சங்கத்தின் பெயரைத்தான் தரும்; உள்ளே இருபது பேரா, இருநூறு பேரா என்று சொல்லாது. அதைச் சொல்ல வருகைப் பதிவேடும் சந்தாக் கணக்கும் வேண்டும்.

பெயர் நீக்கம் என்னும் சான்று

உறுப்பினர் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போவது எப்போதும் சாதாரண நிகழ்வல்ல. 1933இல் மியூனிக் ரோட்டரி சங்கம் தன் பட்டியலிலிருந்து எழுத்தாளர் தாமஸ் மானை நீக்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் நோபல் பரிசு பெற்றிருந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் பல சங்கங்களிலிருந்து யூத உறுப்பினர்கள் வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அத்தனை விட்டுக்கொடுத்தும் சங்கங்கள் பிழைக்கவில்லை. 1937இல் ஜெர்மன் சங்கங்கள் கலைக்கப்பட்டன. ஆண்டிறுதி எண்ணிக்கையை மட்டும் வைத்திருப்பவருக்கு 1933 ஒரு சிறு சரிவாகத் தெரியும். பெயர்வாரிப் பட்டியலை வைத்திருப்பவருக்கு அது ஒரு குற்றத்தின் ஆவணம். உறுப்பினர் மாற்றத்தை ஆளாளாகப் பின்தொடர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

டுவார்ட்டே

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள சிற்றூர் டுவார்ட்டே. அங்குள்ள ரோட்டரி சங்கம் 1970களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. ஆண்கள் மட்டுமே என்ற விதி இருந்தும், 1977இல் அது மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ரோட்டரி தலைமையகம் 1978இல் சங்கத்தின் பட்டயத்தைப் பறித்தது. சங்கம் தொடுத்த வழக்கு படிப்படியாக ஏறி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1987 மே 4 அன்று டுவார்ட்டேவுக்குச் சாதகமாக முடிந்தது.

பாலினச் சமத்துவத்தின் மைல்கல்லாகவே இத்தீர்ப்பு பேசப்படுகிறது, அது சரியே. ஆனால் உறுப்பினர் கணக்கை ஆய்பவருக்கு அதில் இன்னொன்று கிடைக்கிறது. சங்கம் என்பது குடும்பம் போன்ற அந்தரங்க உறவு, அதில் அரசு தலையிடக் கூடாது என்று ரோட்டரி தலைமையகம் வாதிட்டது. நீதிபதி பவல் எழுதிய தீர்ப்பு அதை எண்களால் மறுத்தது. சங்கங்களில் 20 பேருக்கும் குறைவாகத் தொடங்கி 900 பேருக்கு மேல் வரை இருக்கிறார்கள், மேல்வரம்பு கிடையாது, வழக்கமான ஒரு சங்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேர் ஊர்மாறியோ விலகியோ போகிறார்கள், அந்த இடத்தை நிரப்பப் புதியவர்களைத் தொடர்ந்து தேட வேண்டும் என்று தலைமையகமே அறிவுறுத்துகிறது. இப்படி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பை அந்தரங்க உறவாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

அந்த 10 சதவீதத்தை ஒரு சிறு சங்கத்தில் வைத்துப் பார்ப்போம். 40 பேர் உள்ள சங்கம் ஆண்டுக்கு நான்கு பேரைச் சேர்த்தால்தான் 40ஆகவே இருக்கும். ஒருவரையும் சேர்க்காவிட்டால் பத்தாண்டில் அது 14 பேராகிவிடும். யாரும் கோபித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஊழலோ உட்பூசலோ வேண்டியதில்லை. மாற்றலும் மூப்புமே போதும். சங்கம் தேய்ந்தது என்று கேட்டவுடன் ஏன் விலகினார்கள் என்று விசாரிக்கிறோம். ஏன் சேரவில்லை என்பதே பெரும்பாலும் சரியான கேள்வி. டுவார்ட்டே அந்தக் கேள்வியைக் கேட்டது. ஊரில் பாதிப் பேருக்கு வாசல் மூடியிருப்பதைக் கண்டது. 1987இலேயே அரிமாவும் கிவானிஸும் பெண்களை ஏற்றன. ரோட்டரி 1989இல் உலகம் முழுவதற்குமான விதியை மாற்றியது.

சரிவும் அதன் விளக்கமும்

1995இல் புட்னம் எழுதிய கட்டுரை பொது விவாதத்தைக் கிளப்பியது. அமெரிக்காவில் அரிமா உறுப்பினர்கள் 1983 முதல் 12 சதவீதமும், ஜேசீஸ் உறுப்பினர்கள் 1979 முதல் 44 சதவீதமும் குறைந்ததாக அவர் காட்டினார். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஜேசீஸ் இளைஞர் அமைப்பு. வயது வரம்பு தாண்டியவர் வெளியேறியே ஆக வேண்டும். எனவே அங்கே விலகல் விதியிலேயே இருக்கிறது. அதற்காகச் சரிவை வயது வரம்பின் தலையில் கட்டவும் முடியாது. போருக்குப் பின் 1946 முதல் 1964 வரை பிறந்த பெருந்தலைமுறை 1985இல் 21 முதல் 39 வயதில் இருந்தது. சேரத் தகுதியுள்ளவர்கள் மிகுந்திருந்த காலத்தில்தான் அமைப்பு கரைந்தது. தொலைக்காட்சி, தலைமுறை மாற்றம் என்று புட்னம் தந்த விளக்கங்களைவிட இந்த ஒப்பீடு எனக்கு அழுத்தமாகப் படுகிறது.

எண்ணும் நாள்

சங்கத்துக்குள் எண் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரோட்டரி, அரிமா சங்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ரோட்டரி தலைமையகம் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய இரு நாட்களில் பட்டியலில் உள்ள பெயர்களுக்குச் சந்தா கேட்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டு வரிக்கு எடுக்கும் கணக்கு போன்றதே இது. பணம் வசூலிக்க எடுத்த கணக்கு, வரலாறு எழுத எடுத்ததல்ல. கூட்டத்துக்கே வராதவர் பெயரில் சங்கம் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆகவே செயலாளரும் பொருளாளரும் ஜூன் கடைசி வாரத்தில் பட்டியலோடு உட்கார்ந்து, சந்தா பாக்கி வைத்தவர், ஊர்மாறியவர், பெயருக்கு இருப்பவர் ஆகியோரைக் கழிக்கிறார்கள். மே மாத எண்ணையும் ஜூலை எண்ணையும் ஒப்பிட்டு, இடையில் பெரும் விலகல் நடந்ததாக முடிவுகட்டுவது தவறு. அவர்கள் உண்மையில் விலகியது பல மாதங்களுக்கு முன்பு. அதை வருகைப் பதிவேடுதான் சொல்லும்.

விதி மாறினாலும் எண் மாறும். தொழிலுக்கு ஒருவர் என்பதை ரோட்டரி 2001இல் பெரிதும் தளர்த்தியது. வாராந்திரக் கூட்டக் கட்டாயத்தை 2016இல் இளக்கியது. அரிமா சங்கங்களில் குடும்ப உறுப்பினர்களுக்குப் பாதிச் சந்தா உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்தால் தலைகள் இரண்டு, குடும்பம் ஒன்று. 2019இல் ரோட்டராக்ட் இளைஞர் சங்கங்களை ரோட்டரி தன் உறுப்பு வகைகளில் ஒன்றாக ஏற்றது. இந்த ஆண்டுகளைக் கோடிட்டுக் காட்டாமல் வரையும் எந்த வரைபடமும் ஆய்வுக்கு உதவாது.

தமிழ்நாட்டின் பக்கம்

கல்கத்தாவில் 1920இல் பட்டயம் பெற்ற சங்கத்தோடு இந்திய ரோட்டரி தொடங்கியது. சென்னைச் சங்கம் 1929இல் வந்தது. அரிமா 1956இல் பம்பாய் வழியாக நுழைந்தது. இன்று ரோட்டரி உறுப்பினர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த நாடு இந்தியா. இந்த வளர்ச்சியை ஊர்வாரியாக எழுதும் வேலை பெரிதும் பாக்கியிருக்கிறது. தடை ஒன்று உண்டு. ஜூலைதோறும் நிர்வாகிகள் மாறுகிறார்கள். பதவியேற்பு விழா முடிந்ததும் பதிவேடுகள் ஒரு செயலாளர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகின்றன. வீடு மாற்றத்தில் தொலைகின்றன. ஆண்டு மலர்களும், தொழில் குறிப்புடன் அச்சிட்ட உறுப்பினர் கையேடுகளும்தான் ஓரளவு தப்புகின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கே தொடங்கலாம் என்பதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான ரோட்டரியின் இன்டராக்ட் சங்கம் 1962இல் ஃபுளோரிடாவின் மெல்போர்ன் நகரில் முதலில் அமைந்தது. உலகின் இரண்டாவது இன்டராக்ட் சங்கம் தஞ்சாவூரில் அமைந்தது. அன்று பள்ளியில் படித்தவர்கள் இன்று எழுபதுகளின் இறுதியில் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் பெரியவர்களான பின் ரோட்டரியிலோ அரிமாவிலோ சேர்ந்தார்கள், எந்த ஊரில், எத்தனை ஆண்டு நீடித்தார்கள் என்பதை மொத்த எண்ணிக்கையிலிருந்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாணவர்களின் பெயர்ப்பட்டியலைத் தேடி எடுத்து, நேரில் சந்தித்துக் கேட்கும் காலம் குறைந்துகொண்டு வருகிறது. இந்தப் பணியைத் தஞ்சையிலேயே இருக்கும் ஆய்வாளர்கள் இப்போதே கையில் எடுக்க வேண்டும்.