‘முதல்’ பருவத்துக்கு முன்னால்

இலக்கிய வரலாறு கற்பிக்கும் எனக்கு ‘முதல்’ என்ற சொல்மீது எப்போதும் ஓர் ஐயம் உண்டு. பெண்களைப் பற்றிய வாக்கியத்தில் அது வந்தால் ஐயம் இன்னும் கூடும். ஆஸ்திரேலியக் கால்பந்தில் பெண்களின் ‘முதல் பருவம்’ எனப்படும் 2017ஐயும் அப்படித்தான் வாசித்தேன்.

நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தைக் காலால் உதைத்தும் கைமுட்டியால் குத்தியும் கடத்தும் விளையாட்டு அது. ஆண்களின் பெரிய லீக் விக்டோரியாவில் 1897இல் தொடங்கியது. பெண்களுக்கான தேசிய லீக் வர 120 ஆண்டுகள் ஆயின.

2017 பிப்ரவரி 3 அன்று, மெல்போர்னின் பிரின்சஸ் பார்க்கில் கார்ல்டனும் கோலிங்வுட்டும் மோதின. அதைவிடச் சிறிய மைதானத்தில்தான் முதலில் ஆட்டத்தைத் திட்டமிட்டிருந்தார்கள். இடத்தை மாற்றியும் போதவில்லை. 24,568 பேரோடு கதவுகள் மூடப்பட்டன. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே வந்து மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டமே பதில்.

ஆனால் கதவு அன்றைக்குத்தானா மூடப்பட்டது?

அந்தப் பருவத்தின் சிறந்த வீராங்கனை எரின் பிலிப்ஸ். அவர் தந்தை போர்ட் அடிலெய்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். பையன்களோடு ஆடிவந்த எரின் 13 வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குமேல் பெண்ணுக்கு அங்கே வழியில்லை. கூடைப்பந்துக்குப் போய் ஒலிம்பிக் வெள்ளி வென்றார். மீண்டும் இந்த ஆட்டத்துக்கு வந்து, அடிலெய்டு அணிக்காக இறுதிப் போட்டியில் வென்றபோது வயது 31. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

முதல் உலகப் போர்க் காலத்திலேயே பெர்த் நகரில் ஃபாய் அண்ட் கிப்சன் கடையின் பெண் ஊழியர்கள் அணி கட்டி ஆடினார்கள். விக்டோரியாவில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு லீக்கை 1981இல் தொடங்கி, பல்லாண்டுகள் தாங்களே நடத்தினார்கள். 12 வயதுக்குமேல் பையன்களோடு ஆடக்கூடாது என்ற விதியை எதிர்த்து மூன்று சிறுமிகள் வழக்காடினார்கள். அவர்களில் ஒருவரான பெனி குலா-ரீட் 2017இல் கோலிங்வுட் வீராங்கனை. ‘முதல்’ என்ற சொல் இவர்கள் அனைவரையும் முன்கதையாக்கிவிடுகிறது. அதோடு, இத்தனை காலம் கதவைப் பூட்டியிருந்தவர்களுக்குத் திறந்துவைத்தவர்கள் என்ற பெயரையும் வாங்கித் தருகிறது.

திறந்த கதவும் பாதிதான் திறந்தது. 8 அணிகள், 7 சுற்றுகள், ஓர் இறுதிப் போட்டி. பெரும்பாலான வீராங்கனைகளுக்கு அடிப்படை ஊதியம் 8,500 ஆஸ்திரேலிய டாலர். வேறு வேலைக்குப் போய்க்கொண்டேதான் அவர்கள் பயிற்சிக்கும் வந்தார்கள்.

என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: ‘முதல் பெண்’ என்று எங்கே வாசித்தாலும் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும், அதுவரை கதவின் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.