வரகிலிருந்து பொன்னிக்கு: திருச்சிராப்பள்ளி வட்டார உணவில் மக்னீசியம் குறைந்த வரலாறு

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பசி குறைந்த அதே காலத்தில்தான் உணவிலிருந்த மக்னீசியமும் குறைந்தது. இரண்டுக்கும் காரணங்கள் ஒன்றே: பாசனம், அரிசி ஆலை, ரேஷன் கடை. ஆனால் இந்த இழப்பு எல்லா ஊர்களிலும் ஒரே விதமாக நேரவில்லை. லால்குடியும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் தீவும் அதை ஆலையில் இழந்தன. துறையூர், முசிறி, மணப்பாறை, பெரம்பலூர் போன்ற மேட்டுநிலப் பகுதிகள் அதை வயலிலேயே இழந்தன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், “அந்தக் காலத்துச் சாப்பாடு சத்தானது” என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை.

உடலில் முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் இயங்க மக்னீசியம் தேவை. தசையும் நரம்பும் இதயத் துடிப்பும் சீராக இயங்குவதில் அதற்குப் பங்குண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் வகுத்த பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 340 மில்லிகிராமும் பெண்ணுக்கு 310 மில்லிகிராமும் வேண்டும். 2020இல் இந்த அளவு உயர்த்தப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 146 மில்லிகிராமும் சோளத்தில் 133, கம்பில் 124, வரகில் 122 மில்லிகிராமும் மக்னீசியம் உள்ளன. உமி மட்டும் நீக்கிய தீட்டாத அரிசியில் அது 94ஐ ஒட்டி இருக்கிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 20க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாளுக்கு 400 கிராம் தானியம் உண்ணும் ஒரு உழைப்பாளியை நினைத்துப் பார்க்கலாம். கம்பு அவருக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம் தரும். தீட்டிய அரிசி 80ஐத் தாண்டாது.

1878இல் லூயிஸ் மூர் எழுதிய மாவட்டக் கையேடும் 1907இல் ஹெமிங்வே தொகுத்த கெஜட்டியரும், இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகளையும் கரூரின் ஒரு பகுதியையும் சேர்த்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைப் பற்றியவை. ஆற்றங்கரை தவிர்த்த அப்பெரும்பரப்பு புன்செய் பூமி. சோளம், கம்பு, வரகு, கேழ்வரகு இவையே அங்கே அன்றாட உணவு. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. கம்பையும் கேழ்வரகையும் முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினார்கள். தானியத்தின் மேலடுக்கிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் மக்னீசியத்தைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. புளிக்கும்போது அந்தப் பிணைப்பு ஓரளவு தளர்ந்து, உடல் உறிஞ்சும் பங்கு கூடுகிறது. அட்டவணையிலுள்ள அளவு முழுவதும் உடலில் சேர்ந்துவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக அந்த வாழ்வைப் பொற்காலமாக்கவும் கூடாது. 1876-78 பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் மழையை நம்பிய இத்தகைய புன்செய்க் கிராமங்களின் கூலிக் குடும்பத்தினர்தான்.

ஸ்ரீரங்கத்தின் நிலை வேறு. அங்கே அரிசிதான் என்றுமே உணவு. அரங்கநாதர் கோயிலின் கல்வெட்டுகள் பல நூற்றாண்டுகளாக அமுதுபடிக்கு விடப்பட்ட நிலங்களையும் நெல்லையும் பருப்பையும் நெய்யையும் பதிந்து வைத்திருக்கின்றன. கோயிலுக்குள் நிற்கும் வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் இந்த ஆய்வுக்கு ஒரு முக்கியமான சான்று. அவற்றில் சேமிக்கப்பட்டது அரிசி அல்ல, நெல். தவிட்டில் எண்ணெய் இருப்பதால், உமி நீக்கிய தீட்டாத அரிசி விரைவில் சிக்குப் பிடித்துவிடும். அதனால் நெல்லாக வைத்து, வேண்டியபோது குத்தி எடுத்தார்கள். உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். எத்தனை முறை குத்தினார்கள் என்பதைப் பொறுத்து அதன் மக்னீசியம் மேற்சொன்ன 94க்கும் 20க்கும் இடையில் அமையும். துலுக்க நாச்சியார் சந்நிதியில் ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் அரிசி சூழ்ந்த இத்தீவில் தனியாகத் தெரியும் கோதுமைச் சுவடு. அது வழிபாட்டோடு நின்றது. ஊரின் அன்றாடத் தானியமாக மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஹல்லர் ஆலைகள் பரவின. அவை உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் உரித்தன. இதன் விளைவை இந்தியாவில் அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் குன்னூரில் 1918இல் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன். தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் என்னும் பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். மக்னீசியம் அப்படி இறங்கவில்லை. அது தவிட்டடுக்கில் ஃபைட்டேட்டோடு கட்டுண்டு கிடப்பதால், தீட்டிய புழுங்கலரிசியில் பச்சரிசியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் எஞ்சுகிறது. புழுங்கல் நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது. அந்தப் பாதுகாப்பே அடுத்த இழப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது என்பது என் கருத்து. நோயாக வெளிப்படாத குறையை யாரும் தேடவில்லை. இந்திய வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனையில் சீக்கிய உணவு முதலிலும் சென்னை மாகாண உணவு கடைசியிலும் வந்தன. அந்தச் சோற்றில் இல்லாதவை ஒன்றிரண்டல்ல என்பதற்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

காந்தியத் தலைவர்கள் அதைக் கேட்டார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் வழியாகக் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். 1958இல் அரிசி ஆலைகளை முறைப்படுத்தும் மத்தியச் சட்டமும் வந்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் உலக்கை தோற்றதற்குச் சட்டத்தின் பலவீனம் மட்டும் காரணமல்ல. நெல் குத்துவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. அந்தப் பளுவை இறக்கிவைத்த ஆலையை அவர்கள் வரவேற்றதில் எந்தத் தவறும் இல்லை.

புன்செய்ப் பகுதியின் மாற்றம் பிந்தியது, ஆனால் வேகமானது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. விடுதலைக்குப் பின் புள்ளம்பாடி வாய்க்காலும் புதிய கட்டளை மேட்டு வாய்க்காலும் புதிய நிலங்களுக்கு நீர் கொண்டுவந்தன. 1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய நெல் வகைகள் பரவின. பிறகு மலேசியாவின் மசூரி வகை, பொன்னி என்ற பெயரில் இந்த மண்ணின் விருப்ப நெல்லானது. மண்ணச்சநல்லூர் ஆலைகளிலிருந்து வெளியேறிய வெள்ளைவெளேரென்ற பொன்னி அரிசி, அதுவரை கம்பஞ்சோறு உண்ட வீடுகளில் மதிப்பின் அடையாளமாயிற்று. ரேஷன் கடை அதை உறுதிப்படுத்தியது. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். வரகுக்கு அப்படியொரு கடை இருந்ததில்லை. விலையில்லாத தானியத்தோடு எந்தத் தானியம் போட்டியிட முடியும்?

பயிரின் கதை இன்னும் ஆழமானது. பெரம்பலூர், துறையூர்ப் பக்கம் வரகும் சோளமும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. அருகிலுள்ள நாமக்கல் பண்ணைகளின் முட்டை சத்துணவுக் கூடத்துக்கும் கடைக்கும் வருகிறது. புரதக் கணக்கில் இது பெரிய லாபம். குழந்தைகளின் வளர்ச்சிக்கு அந்த முட்டை வேண்டும். மக்னீசியக் கணக்கிலோ அது ஏறத்தாழ ஒன்றுமில்லை: 100 கிராம் முட்டையில் 12 மில்லிகிராம் அளவே. தவிடும் அதே வழியில்தான் போகிறது. ஆலைத் தவிடு எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் பிரிகிறது. பாலாகத் திரும்பி வரும்போது அந்த உலோகத்தின் சிறு பங்கே மிஞ்சுகிறது. தானியத்தின் மேலடுக்கை மனிதர் உண்ணாமல் கால்நடைக்குக் கொடுக்கும் சமூகமாக நாம் மாறியிருக்கிறோம்.

மண்ணில் சத்து குன்றியதுதான் காரணம் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனையில், 1960களின் பிற்பகுதியிலிருந்து மணியில் மக்னீசியமும் துத்தநாகமும் இரும்பும் குறைந்தன. மண்ணிலோ அவை குறையவில்லை. குட்டை ரகங்கள் வந்ததோடு அந்தச் சரிவு பொருந்துகிறது. நம் குட்டை நெல்லிலும் இது ஓரளவு நடந்திருக்கலாம். ஆனால் 94க்கும் 20க்கும் இடையிலான பள்ளத்தைத் தோண்டியது ரகம் அல்ல, தீட்டும் இயந்திரம்.

சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்தது திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். பள்ளிக்கு வரவழைத்து வயிற்றை நிரப்பிய அத்திட்டத்தின் அடித்தளம் அரிசிதான். ரேஷன் கடையில் அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு தரும் முயற்சி 2023இல், நீலகிரி, தருமபுரி மாவட்டக் குடும்ப அட்டைகளுக்கு மாதம் 2 கிலோ என்ற அளவில் தொடங்கியது. அவை கேழ்வரகைக் கைவிடாத மாவட்டங்கள். கம்பையும் வரகையும் முற்றிலும் இழந்துகொண்டிருக்கும் துறையூர், முசிறி, பெரம்பலூர் பகுதிகளுக்குத்தான் அது அதைவிட அவசரமாகத் தேவை. அங்கே கொடுக்க வேண்டியதும் கேழ்வரகு மட்டுமல்ல, அந்த மண்ணில் விளைந்த வரகும் கம்பும். ஸ்ரீரங்கம், லால்குடி பக்கத்துக்கு மருந்து வேறு: ஆலையில் தவிட்டை முழுவதும் உரிக்காமல் பாதியோடு நிறுத்திய அரிசி, நெல்லாகவே சேமித்துச் சிறு அளவில் அரைத்துத் தரும் ஏற்பாடு.