ஐந்தும் ஐம்பதும்: இளையோர் உளவளர்ச்சி ஆய்வின் வரலாறு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பெற்றாரும் ஆசிரியரும் இதனைப் பன்னெடுங்காலமாக எடுத்தாண்டு வந்துள்ளனர். எனினும் ஒரே பிள்ளையை ஐந்து வயதிலும் ஐம்பது வயதிலும் நேரிற் கண்டு ஆராய்ந்தாலன்றி, இதன் உண்மையைத் துணிந்துரைத்தல் இயலாது. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நெடுங்கால ஆய்வுகள் அப்பணியை மேற்கொண்டன.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இல் பிறந்த 1,037 பிள்ளைகள் மூன்று வயது தொடக்கம் ஆராயப்பட்டு வருகின்றனர். அவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். இளமையில் தன்னடக்கம் குறைந்திருந்தோர் 32 வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் பின்தங்கினர் என 2011 இல் வெளியான முடிவு காட்டிற்று. பழமொழி பொய்க்கவில்லை. ஆயினும், வளருங்காலத்தில் தன்னடக்கத்தைப் பெருக்கிக்கொண்டோர் நன்னிலை எய்தினர் என்பதும் அவ்வாய்விலேயே புலனாயிற்று.

இதற்குரிய காரணத்தை மூளையாய்வு விளக்குகின்றது. ஆராய்ந்து முடிவெடுத்தற்கும் உணர்ச்சியை அடக்குதற்கும் உதவும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதளவும் முதிர்ந்துகொண்டே செல்கின்றது. அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை 9, 10 வயதுடைய ஏறத்தாழ 11,880 சிறுவர் சேர்க்கப்பட்டு, அவர்தம் மூளைவளர்ச்சி ஆண்டுக்கணக்கிற் பின்தொடரப்படுகின்றது. இந்தியாவிலும் பெங்களூர்த் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தை நடுவாகக்கொண்டு, 6 முதல் 23 வயது வரையுள்ளோரை ஆராயும் முயற்சி தொடங்கப்பெற்றது.

நம் மண்ணிலோ இவ்வினாவைப் போரே எழுப்பிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் உள்ளங்களில் விட்ட வடுக்களை 1998 இல் நூலாக வெளியிட்டார். வன்னியில் 420 மாணவரை ஆராய்ந்த அறிக்கை 2009 இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் கொடிய நிகழ்வுகளை அனுபவித்திருந்தனர். நாலிலொருவர் நெருக்கீட்டுக்குப் பிந்திய உளநோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்தம் நினைவாற்றலும் கல்வித்தேர்ச்சியும் குன்றியிருந்தன. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே அம்மாணவரை வினாவி விடை பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது என்பதையும் ஆய்வு உணர்த்திற்று. வடபகுதிப் பாடசாலைகளில் 399 சிறுவரிடத்து நடாத்தப்பட்ட உளநலப் பயிற்சியின் பயன் 2012 இல் வெளியிடப்பட்டது. பிள்ளைகளின் நடத்தைக் குறைபாடுகள் தணிந்தன. பெண்பிள்ளைகளின் நெருக்கீட்டுத் துயரோ, பயிற்சி பெறாதோரிடத்துக் குறைந்த அளவிற்குப் பயிற்சி பெற்றோரிடத்துக் குறையவில்லை. அளந்து பாராதிருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

பதுங்குகுழியில் எழுத்தறிந்த பிள்ளைகள் இன்று தாய்தந்தையராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். ஒருநாட் கண்ட குறையை ஒரு பிள்ளையின் வாழ்நாள் விதியாக எழுதிவிடுதல் தகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். ஐந்தில் வளைத்தல் நன்று. வளைய நேர்ந்ததை இருபதிலும் நிமிர்த்தலாம். ஒரு பிள்ளையை ஆண்டுதோறும் காணும் பேறு ஆசிரியருக்கு வாய்த்துள்ளது. பொறுமையோடு நோக்கிக் குறித்துவைப்பாராயின், அவருடைய வகுப்பறையும் ஓர் ஆய்வுக்களமாகும்.