பெட்டியை நிப்பாட்டுறது ஆர்?

யாழ்ப்பாணத்தில் 'லாண்ட்மாஸ்டர்' என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம். உண்மையில் அது ஒரு பிரித்தானியக் கொம்பனியின் பெயர். பிறகு யப்பானிலிருந்து குபோட்டா வந்தது. எங்கட சனத்துக்கு அதுவும் லாண்ட்மாஸ்டர்தான். கலப்பையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கொளுவினால் வெங்காயம், கல், மண், கலியாண வீட்டுக் கதிரை எல்லாம் ஏற்றிக்கொண்டு மானிப்பாய் – காரைநகர் வீதியில் போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விசயம் இருக்கு. இழுக்கிற இயந்திரத்தின் சில்லுகளுக்குப் பொதுவாகப் பிரேக் இல்லை. பிரேக் இருப்பது பெட்டியின் சில்லுகளில். ஓட்டுபவர் பெட்டியின் முன்பக்கத்தில் இருந்து பெடலை மிதிக்க, கம்பி இழுபட்டுப் பெட்டிச் சில்லு இறுகும். அதாவது, இழுக்கிறவனை நிப்பாட்டுறது இழுபடுகிறவன்.

அந்தப் பிரேக் பிடிக்காவிட்டால் வேறொரு கூத்தும் நடக்கும். வழமையாக இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லுக்கு விசை நிற்கும், வலச் சில்லு தள்ள வாகனம் இடப்பக்கம் திரும்பும். பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது கணக்கு மாறும். எஞ்சின் அப்போது சில்லுகளைத் தள்ளவில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு விடுபட்டு ஓடும், வாகனம் வலப்பக்கம் திரும்பும். பழகாதவர் மதிலில் ஏற்ற இது போதும்.

மாட்டு வண்டில் காலத்தில் இந்தப் பாரத்தைத் தாங்கியது மாட்டின் கழுத்து. வண்டில் முன்னுக்குத் தள்ள, நுகமும் பூட்டாங்கயிறும் மாட்டைத்தான் நெரிக்கும். எங்கட மண் சமதரை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பாரம் தள்ளுவதற்கு இறக்கம் தேவையில்லை. முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால் போதும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது சைக்கிள், வண்டில், லாண்ட்மாஸ்டர் எல்லாம் ஒரே நெரிசலில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தன. ஒரு வீட்டின் சாமானும் கிழவர்களும் பிள்ளைகளும் ஏறிய பெட்டி, முன்னால் நடக்கிற சனத்தின் மேல் ஏறாமல் நின்றது அந்த ஒரு பெடலை நம்பித்தான்.

பின்னால் வருவதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி முதலில் பெரிதாக எழுந்தது ரயிலில். அமெரிக்காவில் தொழிலாளர்கள் ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, ஒவ்வொரு பெட்டியின் கைப்பிரேக்கையும் சுற்றினார்கள். விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1869 இல் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார்; பிரேக் சாரதியின் கைக்கு வந்தது. ஆனால் குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872 அளவில் அதைத் தலைகீழாக்கினார்: குழாய் அறுந்தால் பிரேக் தானே இறுகும். 1905 இல் யாழ்ப்பாணம் வந்த எங்கட ரயிலில் இருந்த வெற்றிடப் பிரேக்கின் தத்துவமும் இதுதான்.

பிக்கப்பில் பூட்டுகிற 'பிரேக் கொன்றோலர்' இந்தச் சிந்தனையின் மின்சார வடிவம். ட்ரெயிலரின் ஒவ்வொரு பிரேக் சில்லுக்குள்ளும் ஒரு மின்காந்தம். கறன்ற் வந்தால் அது சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு, பிரேக் சப்பாத்தை விரிக்கும். டாஷ்போட்டுக்குக் கீழே பூட்டுகிற கொன்றோலரில் வழக்கமாக நாலு வயர்: கறுப்பு பற்றறிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் லைற் சுவிச்சுக்கு, நீலம் ட்ரெயிலருக்கு. ஒரு காந்தம் ஏறக்குறைய 3 அம்பியர் குடிக்கும். நாலு சில்லென்றால் 12. அதனால் கறுப்பு வயரை பற்றறியிலிருந்து 20 அம்பியர் பிரேக்கர் வழியாகத் தனியே இழுக்கவேணும். ரேடியோ வயரில் தொடுத்தால் ஒரு நாள் எரியும். எர்த் சரியில்லை என்றால் பிரேக் லைற் எரியும், பிரேக் பிடிக்காது. இதுதான் ஆபத்து: எல்லாம் சரி என்ற தோற்றம்.

வெஸ்டிங்ஹவுஸின் தலைகீழ் யோசனையும் இங்கே உண்டு. ட்ரெயிலரில் ஒரு சின்ன பற்றறி, பிக்கப்போடு கம்பியால் கட்டிய ஒரு ஊசி. கொளுக்கி கழன்றால் ஊசி பிடுங்குப்பட்டு, பெட்டி தானே நிற்கும்.

பிரித்தானியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். ஒன்ராறியோவில் 1,360 கிலோவிலிருந்து. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட ஆக்கள் இதை லைசென்ஸுக்குப் படிக்கும்போதே அறிவார்கள். ஊரில் கொளுக்கியை வெல்டிங் பண்ணினதோடு வேலை முடிஞ்சுது என்று நினைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. உங்கட வீட்டில் ஆராவது வாகனத்துக்குப் பின்னால் பெட்டி கொளுவினால் மூன்று கேள்வி கேளுங்கோ. பெட்டிக்குப் பிரேக் இருக்கா? அது ஓட்டுறவரின்ர கைக்கோ காலுக்கோ எட்டுமா? கொளுக்கி கழன்றால் தானா நிக்குமா?

பழைய லாண்ட்மாஸ்டர் முதலிரண்டுக்கும் 'ஓம்' சொல்லும். பளபளக்கிற பிக்கப் ஒன்று அதுகூடச் சொல்லாவிட்டால், அதைப் பெட்டியோடு றோட்டுக்கு விடாதேங்கோ.