பழவேற்காட்டு வட்டாரச் சூழலில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் குழல் மாற்றம்

வாய் வெட்டப்பட்ட, உட்துளை அகலமாக்கப்பட்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சிதைந்த பொருள்கள் என ஒதுக்குவது எளிது. வேட்டை வரலாற்றுக்கு அவையே கூடுதல் செய்தி தருவன.

'சோக்' என்பது குழல்வாயருகே துளையைச் சற்றுக் குறுக்கும் அமைப்பு. பேப் 1866இல் காப்புரிமை பெற்ற இம்முறையைக் கிரீனர் 1870களில் பரவலாக்கினார். 12 துளையளவுக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ.; முழுச்சோக் அதில் 1 மி.மீ. அளவே குறைக்கிறது. எனினும் விளைவு பெரிது. 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துள் ரவைகளில் சுமார் 70 விழுக்காடு விழுகின்றன. குறுக்கமற்ற குழலில் சுமார் 40 விழுக்காடே.

இன்றைய கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களின் நிலவமைப்பு இவ்வேறுபாட்டை விளக்கும். பழவேற்காட்டு ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் தொலைவில் பறக்கும் தாராவுக்கு இறுகிய சோக் உகந்தது. நெல்வயலில் காலடியிலிருந்து வளைந்து நெளிந்து எழும் உள்ளானுக்கோ அது இடையூறு: குறி தவறும், அல்லது பறவை உருக்குலையும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, முதலில் சுடும் வலக்குழலை அகலமாக்கி இடக்குழலை அப்படியே விடுவது பொருத்தமான தீர்வு.

காட்டுப்பன்றிக்குத் தனிக்குண்டு வேண்டியிருந்தது. 1875 முதல் 1887 வரை இங்கிலாந்தின் சோதனைச்சாலைகள் சோக் குழல்களில் 'குண்டுக்கு உரியதன்று' எனும் பொருள்பட முத்திரையிட்டன. இந்தியப் படையில் பணியாற்றிய பாஸ்பெரி, சோக் பகுதியில் மட்டும் சுழல்வரி வெட்டும் 'பாரடாக்ஸ்' முறைக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். அத்துப்பாக்கி விலை மிக்கது. வசதி குறைந்தோருக்கு எஞ்சிய வழி சோக்கைக் கடைந்தெடுப்பதே. 70 மி.மீ. தோட்டாவுக்காக 65 மி.மீ. அறையை நீட்டும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டும் குழற்சுவரை மெலிவிப்பவை. குறிப்பாகக் கரிமருந்துக்கென வார்ப்பட்டைகளை முறுக்கிச் செய்த குழல்களில் ஆபத்து மிகுதி.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. பழவேற்காடு 1980இல் பறவைகள் புகலிடமாயிற்று. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 திருத்தம் வேட்டை உரிமங்களையே நீக்கியது. மாற்றத்துக்கான வேட்டைக் காரணம் அத்துடன் மறைந்தது.

குழலடியில் பொறித்த துளையெண்ணையும் இன்றைய அளவீட்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு கடையப்பட்டது என்பது தெரியும். உரிமப் பதிவேடு ஆயுத வகையையும் எண்ணையும் மட்டுமே சொல்லும். கடைசல் அளவு குழலுள்தான் இருக்கிறது.